நாங்கள் திருப்பி அனுப்பிய வேலைகளுக்கு ஒரு மிஷின்

நம் பட்டறைக்கு இன்னொரு வி.எம்.சி. வாங்கப் போகிறார்கள் என்றும், எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் நான்கு பேரிடம் வந்திருக்கிறது என்றும் முதலாளி குமரவேல் போனில் சொன்னார். "நீங்களும் ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ராஜகீழ்ப்பாக்கத்தில் நிம்மதியாக இருக்கிறேன். மிஷினோடு மல்லுக்கட்டப் போகிறவர்கள் நீங்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். போன முறை வாங்கியபோது நடந்ததை மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

வெர்டிகல் மெஷினிங் சென்டர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீவ வேண்டிய துண்டு, அதாவது ஜாப், கீழே மேஜையில் இருக்கும், கட்டர் மேலே ஸ்பிண்டிலில் சுழன்றபடி இறங்கும், கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் சொன்ன அளவு சீவும். எல்லா மிஷினும் இதைத்தான் செய்கிறது. வித்தியாசம் நம்மிடம் இருக்கிறது. நாம் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். நமக்கென்று ஒரு பொருள் கிடையாது. இன்று ஒருவர் நான்கு துண்டு கொண்டுவருவார், நாளை இன்னொருவர் ஒரே ஒரு துண்டோடு வருவார். இதை மறந்துவிட்டு மிஷின் பார்க்கப் போனால் எல்லா மிஷினும் நல்ல மிஷினாகத்தான் தெரியும். நானே ஒரு முறை மறந்தேன்.

நான் சேர்ந்தது இன்ஸ்பெக்‌ஷனில். பிறகு ஒர்க்ஸ் மேனேஜர் ஆனேன். முடிச்சூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, குமரவேல் குடும்பத்து நிலத்தில் போட்ட ஷெட்தான் நம் பட்டறை. அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். அவர் அப்பா நெல் போட்ட இடத்தில் இவர் இரும்பு சீவ வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எதிலும் அவசரம். ஆட்கள் முன்னால் அவரை சார் என்பேன், தனியாக இருந்தால் தம்பி. முதல் வி.எம்.சி. வாங்கியபோது என் பேச்சைத்தான் கேட்டார். இடம் அடைக்காது, கரண்ட் குறைவாக இழுக்கும் என்று சொல்லி நான் ஒரு சின்ன மிஷினைத் தேர்ந்தெடுத்தேன். மேஜை சின்னது. வந்த இரண்டாவது வாரமே ஒருவர் கொண்டுவந்த ஜாப் அதில் உட்காரவில்லை. திருப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து திருப்பி அனுப்பிய ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யார், என்ன உலோகம், என்ன அளவு, ஏன் முடியவில்லை. அந்த நோட்டு என் தவறின் பட்டியல். ரொம்ப நாள் யாரிடமும் காட்டவில்லை.

இரண்டாவது மிஷின் பேச்சு வந்தது ஒரு திங்கட்கிழமை. மறைமலை நகர் போய்விட்டு வந்த குமரவேல், உள்ளங்கையில் அடங்கும் ஒரு அலுமினியத் துண்டை என் மேஜையில் வைத்தார்.

"மாசம் பத்தாயிரம் பீஸ்க்கா. கார் கம்பெனிக்குப் போற ஐட்டம். பர்ச்சேஸ்ல வாயால ஓகே சொல்லிட்டாங்க."

"மிஷினுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"பாத்துட்டேன். நிமிஷத்துக்குப் பன்னெண்டாயிரம் சுத்து. அலுமினியத்துல வெண்ணெய் மாதிரி போவுது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கறேன்."

"ஆர்டர் எழுத்துல வந்துடுச்சா?"

"மிஷின் வந்து நின்னாத்தான் ஆர்டர்ங்கறாங்க."

மேடவாக்கத்தில் அவருக்கு மிச்சமிருந்த கடைசி மனையை வங்கியில் வைத்துத்தான் இந்த மிஷின். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பட்டறையில் அப்போது பதினோரு பேர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் குடுங்க தம்பி. அதுக்குள்ள எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்றேன்.

"நீங்க வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் தேடப் போறீங்க."

"வேணும்னு சொல்றதுக்கும் காரணம் வேணும் இல்ல?"

அவர் அந்த அலுமினியத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை, முந்தைய ஒரு வருடத்து ஜாப் கார்டுகளை எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் அறைத் தரையில் கொட்டினேன். ஒரு வேலைக்கு ஒரு கார்டு, எத்தனை துண்டு, என்ன உலோகம், செட்டிங்குக்கு எவ்வளவு நேரம், வெட்டியது எவ்வளவு நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும். பாஸ்கர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர்தான் நம் முதல் வி.எம்.சி.யை ஆரம்பத்திலிருந்து ஓட்டியவர். உங்களில் இரண்டு பேருக்கு அவரோடு வேலை செய்த அதிர்ஷ்டம் உண்டு.

"இன்னா மேடம், கொலு வெக்கிறீங்களா?"

"உக்காருங்க. இருபது பீஸுக்குக் கீழ இருக்கறது எல்லாம் இந்தப் பக்கம் போடுங்க."

மதியத்துக்குள் தரையில் ஒரு பெரிய குவியலும் மூன்று சின்னக் குவியல்களும் இருந்தன. பெரியது, இருபது துண்டுக்குக் கீழே உள்ள வேலைகள். பிறகு உலோகத்தை வைத்துப் பிரித்தோம். எஃகும் வார்ப்பிரும்பும் முழங்கால் உயரம், அலுமினியம் என் கை தடிமன் கூட இல்லை. பாஸ்கர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாம இன்னா தொழில் பண்றோம்னு இன்னிக்குத்தான் மேடம் தெரியுது" என்றார்.

அப்போதுதான் என் நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. பம்ப் கவர், கியர் பெட்டி மூடி, டை பிளேட், பால் பண்ணை மிஷினுக்கு ஒரு பெரிய பிராக்கெட். எல்லாம் கனமானவை, எல்லாம் ஒன்று இரண்டு துண்டு, எல்லாம் நம் மேஜையில் உட்காராதவை.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். செய்த வேலைகளின் கணக்கு, இருக்கிற மிஷினைப் பற்றித்தான் சொல்லும். வாங்கப்போகிற மிஷினைப் பற்றிச் சொல்வது, செய்ய முடியாமல் திருப்பி அனுப்பிய வேலைகள். அவற்றை எழுதி வைக்கிற பழக்கம் இல்லையென்றால் இன்றே ஆரம்பியுங்கள்.

புதன்கிழமை, குமரவேல் விரும்பிய அதே மிஷினை ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு பட்டறைக்கு அவரையே அழைத்துக்கொண்டு போனேன். மறைமலை நகரில் உள்தெருவில் இருந்தது. நமக்குப் போட்டியான பட்டறைதான். முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நான் நல்லாருக்குன்னா விக்கறவன்கிட்ட கமிஷன் வாங்கிட்டான்னு நெனைப்பீங்க. நல்லால்லன்னா போட்டிக்குச் சொல்றான்னு நெனைப்பீங்க. மிஷின்கிட்ட போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. நான் டீ சொல்றேன்" என்றார். என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல யோசனைகளில் அது ஒன்று. அவர் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நின்றோம். குமரவேல் கையில் வாட்ச்சைப் பார்த்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தார். மிஷின் ஓடியபோது பிரமாதமாக ஓடியது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அது உலோகத்தைத் தொட்டது பதினோரு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் ஆபரேட்டர் பழைய ஜாப்பைக் கழற்றி, புதிய ஜாப்பைக் கட்டி, அளவுகாட்டும் டயலை வைத்து ஜாப்பின் மையம் தேடிக்கொண்டிருந்தார். அங்கேயும் நம்மைப் போலச் சின்னச் சின்ன வேலைகள்தான்.

திரும்பும்போது வண்டலூரில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம்.

"அவர் மிஷின் வேகமாத்தாங்கா ஓடுச்சு" என்றார் பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது.

"ஓடினப்ப ஓடுச்சு."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. சில சமயம் மேனேஜர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை.

வியாழக்கிழமை குமரவேல், பாஸ்கர், நான் மூன்று பேரும் மிஷின் விற்கிற இரண்டு இடங்களுக்குப் போனோம். காரின் பின்னால், திருப்பி அனுப்பிய ஒரு டை பிளேட்டின் அளவில் வெட்டிய எஃகுத் துண்டு ஒன்று. நாற்பது கிலோ. பாஸ்கர்தான் தூக்கி வைத்தார். முதல் இடத்தில் விற்பனையாளர் அலுமினியத்தில் செதுக்கிய ஒரு தாமரையைக் காட்டினார். மிக அழகான தாமரை. "எங்களுக்குப் பூ வேலை வர்றதில்ல சார். இதை வெட்டிக் காட்டுங்க" என்று எஃகுத் துண்டைக் காட்டினேன். எல்லாம் முடியும் மேடம் என்றார். வெட்டினார்கள். பாதியிலேயே மிஷின் கத்த ஆரம்பித்தது. வெட்டிய முகத்தில் கடற்கரை மணல் மாதிரி வரி வரியாக இருந்தது. கட்டர் சரியில்லை என்றார் விற்பனையாளர். கட்டர் அவர்களுடையதுதான்.

இரண்டாவது இடத்தில் ஓர் இளம்பெண் இன்ஜினியர் வந்தார். துண்டைச் சுற்றிப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். "ஒரே இறக்கத்துல ஆறு மில்லி கேட்டிருக்கீங்க. ஆறு போகாது மேடம். நாலு நிம்மதியா எடுக்கும். ஆறு போகும்னு எங்க ஆளுங்க யாராவது சொல்லியிருந்தா அது தப்பு" என்றார். பக்கத்தில் நின்ற விற்பனையாளர் அவரை முறைத்தார். அந்தப் பெண் கண்டுகொள்ளவில்லை.

நான்கு எடுத்தார்கள். மிஷினின் சத்தம் அடங்கிய குரலில், மாறாமல், கடைசி வரை ஒரே மாதிரி இருந்தது. பாஸ்கர் மிஷினின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "அதிர்வே இல்ல மேடம். வார்ப்பு கனமா கீது."

அந்த மிஷின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுதான். ஆனால் மேஜை அகலம், உடம்பு கனம். வேகமான ஸ்பிண்டிலுக்குக் கொடுக்க இருந்த பணத்தில், ஜாப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தானே தொட்டுப் பார்த்து மையம் சொல்லும் புரோபும் வாங்கலாம். நின்றுபோனால் யார் வருவார்கள், எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் மூன்று வாடிக்கையாளர்களின் நம்பர் கொடுத்தார். மூன்றாவது நம்பரின் மேல் விரலை வைத்து, "இவங்க எங்க மேல கோவமா இருக்காங்க. அவங்ககிட்டயும் பேசுங்க" என்றார்.

அந்த மூன்றாமவரிடம்தான் முதலில் பேசினேன். அவர் பத்து நிமிடம் திட்டினார். நாலு நாள் மிஷின் நின்றதாம், டெலிவரி போச்சாம். கடைசியில், "ஆனா அந்தப் பொண்ணு நாலு நாளும் இங்கயே இருந்து ஓட வெச்சுட்டுத்தாம்மா போச்சு" என்றார். எனக்கு அது போதும். முடியாது என்பதை முதலில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். முடியும் என்று அவர் சொல்வதை அப்புறம் நம்பலாம்.

வெள்ளிக்கிழமை காலை குமரவேல் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். பாஸ்கர் சொல்லியிருக்க வேண்டும். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"இவ்ளோ பேரையா திருப்பி அனுப்பினோம்?"

"நான்தான் அனுப்பினேன். அந்தச் சின்ன மிஷினை நான்தானே சொன்னேன்."

"கனமான மிஷின் வாங்கினா அலுமினியம் ஆர்டர் போயிடும்."

"போயிடும்."

வெளியே போய்ப் போனில் பேசினார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் கோபமாகப் பேசுகிறார்கள் என்பது அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. உள்ளே வந்து, "சொல்லிட்டேன்" என்றார். அந்த ஆர்டர் வேறு ஒரு பட்டறைக்குப் போனது. அவர்கள் வேகமான மிஷின் வாங்கி நன்றாகவே செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களுக்கு அது சரியான மிஷின். மாதம் முழுக்க ஒரே துண்டை வெட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். நமக்கு அது வேண்டாம் என்று அன்றே கனமான மிஷினுக்குக் கையெழுத்துப் போட்டாரே, அந்தத் துணிச்சல் முழுக்க அவருடையது. மனை அவருடையது.

இப்போது என் இன்னொரு தவறு. மிஷினின் உயரத்தை நான் கேட்லாக்கில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஷெட் வாசலை நானே டேப் பிடித்து அளந்தேன். ஆறு அங்குலம் இடைவெளி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். கேட்லாக் உயரம் தரையில் நிற்கும் மிஷினுக்கு. உள்ளே உருட்டிக்கொண்டு போகும்போது அடியில் மரச்சட்டமும் உருளைகளும் இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. லாரி வந்து நின்றது. கிரேன் வந்தது. மிஷினை இறக்கி உருளையில் வைத்து வாசல்வரை தள்ளினால், மேலே உள்ள மோட்டார் வாசல் விட்டத்தில் இரண்டு விரல் அளவு இடித்தது.

பின்னால் தெரு முழுக்க அடைத்துவிட்டது. ஒரு தண்ணி லாரி, ஒரு ஸ்கூல் வேன், கணக்கில்லாத பைக்குகள். ஹாரன் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கூட வந்த பொருத்துநர், மேல் மோட்டாரைக் கழற்றிவிட்டு உள்ளே கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம், ஒரு மணி நேர வேலை என்றார். குமரவேல் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் சீராகப் பொருத்தி அனுப்பியதைத் தெருவில் வைத்துப் பிரிப்பதா? உள்ளே போய் அதே இடத்தில் அதே மாதிரி உட்காருமா என்று யாரால் சொல்ல முடியும்?

"மிஷின்ல ஒரு போல்ட்டும் தொடக் கூடாது. சுவத்த இடிங்க" என்றேன்.

குமரவேல் அந்தச் சுவரை ஒரு கணம் பார்த்தார். அவர் அப்பா கூடவே நின்று கட்டிக்கொடுத்த சுவர். பிறகு சம்மட்டியை அவரே வாங்கி முதல் அடி போட்டார். விட்டமும் அதற்கு மேலே மூன்று வரிசை செங்கலும் வந்தன. முக்கால் மணி நேரத்தில் மிஷின் உள்ளே போனது, தண்ணி லாரியும் நகர்ந்தது. அளந்ததில் தவறு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பூசினால் ஆயிற்று. வளைந்துபோன மிஷினை எதை வைத்துப் பூசுவது?

அடுத்த மாதம் முழுக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பி அனுப்பிய ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். "இப்ப கொண்டு வாங்க சார்." முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் இரண்டு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய நாள் அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் பக்கத்து மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, முழங்கால் தண்ணீரைக் கடந்து ஒரு டிராக்டர் மேட்டில் இருக்கும் நம் வாசலுக்கு வந்தது. மழைக்கோட்டில் ஓர் இளம் பொறியாளர் இறங்கினார். பின்னால் தார்ப்பாயில் உடைந்த வார்ப்பிரும்புத் துண்டுகள். ஆற்றை ஒட்டித் தாழ்வாக இருக்கும் காலனியிலிருந்து மழைநீரை இறைத்து வெளியேற்றும் பெரிய பம்ப்பின் பேரிங் வீடு அது, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் உட்காரும் கூடு. தண்ணீரோடு வந்த ஒரு மரக்கட்டை உள்ளே சிக்கிய அதிர்வில் இது நான்காக உடைந்துவிட்டது. புதியது வர ஒரு வாரம் ஆகுமாம்.

"மூணு பட்டறை பாத்துட்டேன். ரெண்டு மூடியிருக்கு, ஒண்ணுல மிஷின் சின்னது. உங்களால முடியுமா மேடம்? சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா தரைத்தள வீடு எல்லாம் போயிடும்."

அந்தக் காலனியில்தான் பாஸ்கர் வீடு. மனைவியும் மகளும் வீட்டில் இருந்தார்கள். மூன்றாவது படிவரை தண்ணீர் வந்துவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. மொத்தம் ஐந்து படி.

"பாஸ்கர், நீங்க வீட்டுக்குப் போங்க. நான் வேற ஆள வெச்சுப் பாக்கறேன்" என்றேன்.

"வூட்டுக்குப் போய் இன்னா மேடம் பண்ணுவேன்? வாளில மொண்டு ஊத்துவேன். இங்க நின்னா பம்ப்பே ஓடும்." சொல்லிக்கொண்டே உடைந்த துண்டுகளைத் தரையில் ஒன்றுசேர்த்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

வார்ப்பதற்கு நேரமில்லை. பின்பக்கம் ரத்தான ஓர் ஆர்டருக்கு வாங்கிய எஃகுப் பாளம் ஒன்று கிடந்தது. நூற்று நாற்பது கிலோ. அதிலிருந்தே குடைந்து எடுக்கலாம். ஒரே ஒரு பாளம். கெட்டுப்போனால் வேறு கிடையாது. கரண்டும் இல்லை. மழையால் கல்யாணம் தள்ளிப்போயிருந்த ஒரு மண்டபத்திலிருந்து குமரவேல் ஜெனரேட்டர் லாரியையே ஓட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்காரர் அவர் உறவு.

நான் அந்தப் பொறியாளரிடம் கேட்டது ஒன்றுதான்: "இதுல எது எது சரியா இருக்கணும்?" அவர் எல்லாமே என்றார். பாஸ்கரும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பேரிங் உட்காரும் இரண்டு வாய்கள், அவை இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது, உட்காரும் அடிமுகம், போல்ட் துளைகள். இவ்வளவுதான் சரியாக இருக்க வேண்டும். வெளிப்பக்கத்து வளைவுகள், மூலைகள் எதுவும் வேண்டாம். சதுரமாகவே இருக்கட்டும். அவசரத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதை விடலாம் என்பதை. அந்த ஐந்து நிமிடம் எங்களுக்கு மூன்று மணி நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். நான்கு மில்லி, நான்கு மில்லியாக மிஷின் எஃகை வாரிக் கொட்டியது. நீலம் பாய்ந்த சீவல்கள் கூடை கூடையாக வந்தன. பழைய மிஷினில் இந்தப் பாளம் உட்கார்ந்தே இருக்காது. மதியம் ஒரு மணிக்கு ஒரு பக்கத்து வாய் குடைந்தாகிவிட்டது, கடைசிச் சீவல் மட்டும் பாக்கி. திருப்பிக் கட்டினோம். பழைய முறையில் டயலை வைத்து மையம் தேடினால் ஒரு மணி நேரம். புரோப் இறங்கி நாலு இடத்தில் தொட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் மையம் சொன்னது. குமரவேல் என்னைப் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு இரண்டு வாயிலும் கடைசிச் சீவல் பாக்கி. அப்போது பாஸ்கருக்குப் போன் வந்தது. நாலாவது படி. அவர் போனை வைத்துவிட்டு நேராக ஸ்டார்ட் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

நான் ஜாப்பின் மேல் கையை வைத்தேன். சுட்டது. ஆறு மணி நேரம் சீவிய சூடு. சூட்டில் எஃகு விரிந்திருக்கும். இப்போது சரியான அளவுக்கு வெட்டினால், ஆறியதும் வாய் சுருங்கிவிடும், பேரிங் உள்ளே போகாது. கூடுதலாக வெட்டினால் தளர்ந்துவிடும்.

"நிறுத்துங்க பாஸ்கர். ஆறட்டும்."

"மேடம், நாலாவது படி."

"தெரியும்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி. கூலன்ட்ட மட்டும் ஓட விடுங்க."

பொறியாளர் குறுக்கிட்டார். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தட்டி உள்ளே இறக்கிவிடலாம் என்றார். குமரவேலும், "அக்கா, ஜனங்க அங்க காத்துகினு இருக்காங்க" என்றார். அவர் பதற்றப்பட்டால்தான் அந்தப் பாஷை வரும். நான் பாஸ்கரை மட்டும் பார்த்தேன். பதில் அவரிடமிருந்துதான் வர வேண்டும். அவர் ஜாப்பின் மேல் தன் கையை வைத்தார்.

"மேடம் சொல்றது கரெக்ட்டு சார். தட்டி இறக்கினா அரை நாள்ல சூடேறிப் பிடிச்சுக்கும். அப்பறம் ஒரு பாளமும் இல்ல" என்றார்.

கூரைத் தகட்டில் மழை, ஜாப்பின் மேல் கூலன்ட் தண்ணீர். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை, அந்த அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றது.

நாலு மணிக்குத் தொட்டுப் பார்த்தோம். குளிர்ந்திருந்தது. பாதிச் சீவல் எடுத்து, அளந்து, மிச்சத்தை எடுத்தார் பாஸ்கர். புரோபை வைத்து மறுபக்கமும் அப்படியே. அளவு பார்த்தது நான். இரண்டு வாயும் அனுமதித்த அளவின் நடுவில் இருந்தன. பொறியாளர் கொண்டுவந்திருந்த பேரிங்கை எடுத்து வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. மூச்சை வெளியே விடுவது போல மெல்ல உள்ளே போய் உட்கார்ந்தது. பாஸ்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூலன்ட் தெறித்துவிட்டது என்றார்.

டிராக்டரில் நாங்களும் ஏறிக்கொண்டோம். பம்ப் மேடையில் பொருத்த ஒரு மணி நேரம் ஆனது. வெளிச்சம் மங்குவதற்குள் பொறியாளர் பம்ப்புக்கான ஜெனரேட்டரை ஓடவிட்டு ஸ்விட்சைப் போட்டார். குழாய் இரண்டு முறை காற்றைக் கக்கியது. பிறகு ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் சேற்றுத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. மொட்டை மாடிகளில் நின்றவர்கள் கை தட்டினார்கள். குமரவேல், பத்து வயதுப் பையன் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கி அவர்களுக்குக் காட்டினார். பாஸ்கர் இடுப்பளவுத் தண்ணீரில் தன் வீட்டை நோக்கி நடந்தார்.

நான் கை தட்டவில்லை. பேரிங் வீட்டின் மேல் என் கை இருந்தது. தவறு ஏதாவது இருந்தால் பத்து நிமிடத்தில் சூடு ஏறும். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. அரை மணி ஆனது. தூரத்திலிருந்து பாஸ்கரின் குரல் கேட்டது: "மேடம், நாலாவது படி தெரியுது."

என் கைக்குக் கீழே எஃகு குளுகுளுவென்று இருந்தது.